உள்ளே பார்க்கிற லென்ஸ்

பவி,

வடக்குத்து மூன்றாவது குறுக்குத் தெருவின் சக்கரவர்த்தியும், எதிர்மனைக் கருவேல மரம் வரைக்கும் எல்லை விரித்தவரும், நிலக்கரிச் சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட்டுகளைச் சுண்டுவிரலால் நிறுத்தியும் ஓட்டியும் பூமியின் சுழற்சியையே கட்டுக்குள் வைத்திருந்தவருமான உன் அப்பன், தன் ஒரே மகளின் முன்னால் வைக்கும் விண்ணப்பம் இது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கோடு, பஸ் வராத ஸ்டாப்பில் நிற்கிற ஆள் மாதிரி நின்றுகொண்டிருக்கிறது. அம்மா போனிலிருந்து கூப்பிடலாம் என்றால், "உங்க சண்டைக்கு என் போன் கிடையாது" என்று அவள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். ஆகவே காகிதம். வடலூர் கூரியர்க்காரர் வெள்ளிக்கிழமைக்குள் கோயம்புத்தூரில் சேர்ந்துவிடும் என்று தன் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்திருக்கிறார்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் கோபம் வந்து நீ மடித்து வைத்துவிட்டால் காரியம் கெட்டுவிடும். உன் காரில் நான் மாட்டிவிட்ட கேமராவை மொத்தமாகக் கழற்றி எறியப் போவதாகச் சொன்னாய். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உன் மாமனாராகப் போகிறவர் இந்த ஞாயிற்றுக்கிழமை மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து நம் வீட்டுக்கு வருகிறார். கல்யாணப் பத்திரிகை வாசகம் பார்க்க என்று பெயர். ஆனால் அந்தக் கேமராவில் தெரிவதைத் தன் போனிலும் பார்க்கும்படி என்னிடம் செட் பண்ணிக்கொண்டு போவதுதான் முக்கிய வேலை. கேட்டார், நான் சரி என்றுவிட்டேன். வாயாலேயே வடலூர் வரைக்கும் பாலம் கட்டுகிற ஆள், ஒரு "வேண்டாங்க" சொல்ல முடியாமல் சரி என்றுவிட்டேன்.

டவுன்ஷிப்பில் நம் பிளாக்கில் வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் நான் புளுகு மாமா. உனக்கு மட்டும்தான் அப்பா. சுரங்கத்தில் மண் வெட்டுகிற ராட்சச எந்திரம் ஒரு ஷிப்டில் கொஞ்சம் ஆழமாகத் தோண்டிவிட்டதாகவும், அமெரிக்காவில் ஒரு வீட்டுக் கிணற்றுக்குள் தலை நீட்டிவிட்டதாகவும், அந்த வீட்டு அம்மா வாளியோடு நின்று "யாருப்பா நீங்க" என்று கேட்டதாகவும் நான் சொன்னபோது, சுற்றி இருந்த பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். நீ மட்டும், "அந்தம்மா தமிழ்லயா கேட்டாங்கப்பா?" என்றாய். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், உன்னை ரொம்ப நாளைக்கு ஏமாற்ற முடியாது என்று.

நீ கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து, உன் ஆபீஸ் தோழியிடமிருந்து அந்த வெள்ளைக் காரை வாங்கி, சேலம் வழியாகத் தனியாகவே ஓட்டிக்கொண்டு வந்து நம் வாசலில் நிறுத்தினாயே, அன்று நான் தெருவுக்கே கேட்கும்படி வீரமகளே வருக என்று வரவேற்றேன். திருஷ்டி சுற்றி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்ததும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டேன். வழியில் எத்தனை லாரி, எத்தனை ஆம்னி பஸ், அத்தனைக்கும் நடுவில் நீ வந்திருக்கிறாய், எனக்கு ஒன்றுமே தெரியாமல் மத்தியானம் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அன்று சாயங்காலமே டேஷ் கேமரா பற்றி யூடியூபில் பார்த்துப் படிக்க உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்குத் தேதியில் இந்தத் துறையில் என்னை வெல்ல மூன்று உலகத்திலும் ஆள் இல்லை. பேட்டரி வைத்த கேமரா நம் ஊர் வெயிலில் கண்ணாடியை ஒட்டியபடி வெந்து, அதிரசம் மாதிரி உப்பிவிடும். கெப்பாசிட்டர் வைத்ததுதான் தாங்கும். சாதாரண மெமரி கார்டு ஓயாமல் எழுதி அழித்து எழுதிச் சீக்கிரமே செத்துப்போகும். அதற்கென்று தனி கார்டு இருக்கிறது. இதெல்லாம் நான் சரியாகத்தான் பார்த்தேன். தப்பாகப் போனது வேறு இடத்தில்.

வடலூரில் கார் அலங்காரக் கடை வைத்திருக்கும் ஜாகீர் பாயிடம் உன்னையும் அழைத்துப் போனேன், ஞாபகம் இருக்கும். நீ வெளியே நின்று ஆபீஸ் போன் பேசிக்கொண்டிருந்தாய். உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு போதும் சார். நாம இடிச்சா முன்னாடி, நம்மள இடிச்சா பின்னாடி, முடிஞ்சுது" என்றார் அவர். உள்ளே பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றேன்.

"அது டாக்ஸிக்காரங்க மாட்டுறது சார். டிரைவர் தூங்குறானான்னு ஓனர் பாக்கணும்ல. இத ஓட்டப் போறது யாரு?"

"என் பொண்ணு."

"அப்ப நீங்க ஓனரா?"

"பாய், செவ்வாய் கிரகத்துலேர்ந்து ஒருத்தன் வந்து பின்சீட்டுல உக்காந்துட்டா யாரு சாட்சி?"

அவர் சிரித்துக்கொண்டே மேல் தட்டிலிருந்து பெரிய பெட்டியை எடுத்தார். "அப்படி வாங்க. இதுல சிம் போட்டுட்டா வீட்லேர்ந்தே பாக்கலாம் சார், மூணு லென்ஸும்." வியாபாரி வியாபாரம் செய்தார். ஓனரா என்ற கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மாட்டும்போது அவர் தலைமேலேயே நின்றேன். மிரருக்குப் பின்னால், வைப்பர் துடைக்கிற இடத்துக்குள் லென்ஸ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழையில் ஒன்றும் தெரியாது. கண்ணாடியோரத் தூணில் ஏர்பேக் இருக்கிறது, வயர் அதற்குக் குறுக்கே ஓடக் கூடாது, பின்பக்கமாகப் போக வேண்டும். கரண்டை பியூஸ் பெட்டியிலிருந்து எடுத்து, பேட்டரி இறங்கினால் தானாக நின்றுவிடுகிற மாதிரி செய்ய வேண்டும். எல்லாம் முடிந்து நீ உள்ளே உட்கார்ந்ததும், "இது எதுக்குப்பா என்னையே பாக்குது?" என்றாய். "உன் அழகைப் பாத்து எதிர்ல வர்ற லாரியெல்லாம் மயங்கி விழுந்தா ஆதாரம் வேணாமா" என்றேன். நீ சிரித்துவிட்டாய். கணக்குத் தொடங்க உன் நம்பருக்கு வந்த ஓடிபியையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். என் போனில் தெரியும் என்பதை அந்தச் சிரிப்புக்கு அடியில் தள்ளி மூடிவிட்டேன்.

ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்த வீட்டுக்கு வந்த பிறகு எனக்குப் பார்க்க ஒரு திரை இல்லாமல் இருந்தது, பவி. கண்ட்ரோல் ரூமில் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற பெல்ட்டைத் திரையிலேயே பார்த்துப் பழகின கண். எங்காவது ஒரு உருளை புகைந்தால் எனக்கு முதலில் தெரியும். நீ கிளம்பிப் போன மறுநாள் போனை ஸ்டாண்டில் வைத்து டிவி பக்கத்தில் நிறுத்தினேன். முன்னால் ரோடு, பின்னால் ரோடு, நடுவில் நீ. அம்மா முதலில் திட்டினாள். "அவ மூக்க நோண்டுனா அதையும் பாப்பீங்களா?" என்றாள். இரண்டு நாளில் அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இளைச்சுட்டாளே, சாப்டாளான்னு கேளுங்க" என்றாள். சாப்பிட்டாயா என்று நான் அன்றைக்குக் கேட்டபோதுதான் வாய் தவறியது. "அந்த மஞ்ச சுடிதார் உனக்கு நல்லாருக்கும்மா" என்றேன். "நான் வீடியோ கால்ல வரலையேப்பா" என்றாய் நீ. நான் என்னவோ உளறினேன். தூரதேசத்து மகளின் உடை நிறம் தகப்பனின் நெற்றிப்பொட்டில் தெரியும் என்று ஏதோ சொன்னேன். இந்த முறை நீ சிரிக்கவில்லை.

மறுநாள் காலை நடுத்திரை இருண்டுவிட்டது. ஓரத்தில் நூல் அளவு வெளிச்சம், மற்றதெல்லாம் அரக்கு நிறம். கேமரா கெட்டுவிட்டது என்று நான் ஜாகீர் பாய்க்குப் போன் போடப் போனேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "பொட்டுங்க அது. நான் வாங்கிக் குடுத்த அட்டையில இருக்கிற பெரிய பொட்டு. ஒட்டி வெச்சிருக்கா." மைக்கையும் அணைத்திருந்தாய். அன்றே நான் போனை ஸ்டாண்டிலிருந்து எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. முன் ரோடும் பின் ரோடும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தனவே.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நடந்ததை என் பக்கத்திலிருந்தும் நீ ஒரு முறை பார்க்க வேண்டும். உன் கார் ஊருக்கு வெளியே ஏதோ ரோட்டோரத்தில் நின்றது. முன்திரையில் ஒரு ஆள் வந்தான், லுங்கி, கையில் நீளமாகக் கம்பி. காருக்கு நேராக வந்து பானெட் முன்னால் குனிந்து மறைந்தான். கார் குலுங்கியது. எழுந்து, கம்பியோடு உன் கதவுப் பக்கம் நடந்து திரையை விட்டு வெளியே போய்விட்டான். நடுத்திரையில் பொட்டு. சத்தம் கிடையாது. உன்னைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். காலி ரோடு அசையாமல் அப்படியே தெரிந்தது.

கண்ட்ரோல் ரூமில் அலாரம் அடித்தால் யோசிக்க மாட்டோம். முதலில் ஸ்டாப் பட்டன். அதன் பிறகு லைன் முழுக்க எல்லோருக்கும் தகவல். பெல்ட் கிழிந்ததா, வெறும் பல்லி ஓடியதா என்கிற விசாரணை எல்லாம் அப்புறம். வேலை பார்த்த காலம் முழுக்க அப்படியே பழகின என் விரல், அன்று தானாகப் போய்த் திரையை அழுத்தியது. படம் பெரிதானதுதான் மிச்சம். அழுத்திக்கொண்டே இருந்தேன், பவி. ரோட்டில் கிடந்த ஒரு கல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

ஸ்டாப் இல்லாததால் அடுத்த வேலைக்குப் போனேன். உன் வீட்டுக்கார அம்மாவுக்குச் சொன்னேன். உன் ஆபீஸ் செக்யூரிட்டிக்குச் சொன்னேன். கடைசியாக மேல்பட்டாம்பாக்கத்துக்குச் சொன்னேன். மற்ற நேரத்திலாவது கம்பியைக் கம்பி என்று சொல்லிப் பழகியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் காலம் முழுக்க உருட்டிப் பழகின நாக்கு, நிஜமாகப் பயந்தபோதும் அதே வேலையைத்தான் செய்தது.

"சம்பந்தி, பவி காரை மடக்கிட்டாங்க."

"யாருங்க?"

"நாலு பேரு. கையில அருவா."

"நீங்க வூட்லயே இருங்க சம்பந்தி. நாங்க பாத்துக்கறோம்" என்றார். அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. தன் தம்பிகள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு, சட்டைப் பொத்தான் போடாமலேயே கிளம்பியிருக்கிறார்.

பிறகு நீ கூப்பிட்டாய். கிழிந்த பிளெக்ஸ் பேனர் ஒன்று காருக்கு அடியில் சிக்கியதாகவும், டீக்கடைக்காரர் ஷட்டர் இழுக்கிற கம்பியால் அதை உருவி எடுத்துக் கொடுத்ததாகவும், அவர் மனைவியோடு உட்கார்ந்து நீ டீ குடித்ததாகவும் சொன்னாய். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "ஒரு டீ குடிச்சேன்பா. ஒரே ஒரு டீ. அதுக்கு மேல்பட்டாம்பாக்கமே கிளம்பி வருது. ஆபீஸ்லேர்ந்து ஆளாளுக்குப் போன் போட்டுக் கேக்கறாங்க. எல்லாத்தையும் கழட்டிடறேன்" என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து ஒற்றை டிக்.

சம்பந்தி உளுந்தூர்பேட்டை டோல்கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுப் போன் செய்தார். கேமராவில் பார்த்தது, உள்பக்கம் தெரியாமல் போனது, டீக்கடை என்று எல்லா உண்மையையும் சொன்னேன். "பாப்பா நல்லாருக்குதுங்களா? அது போதுங்க" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் கணக்கைத் தீர்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். திட்டவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"நானும் அதையே நெனச்சிகினு இருந்தங்க சம்பந்தி. நீங்க செஞ்சது சரிதாங்க. பொண்ணு தனியா வண்டி ஓட்டிகினு போவுது, வூட்ல ஒருத்தர் பாத்துகினு இருக்கறது நல்லதுதான. கல்யாணத்துக்கு அப்புறம் எங்க பொறுப்புங்க. அந்த ஆப்ப எனக்கும் போட்டுக் குடுத்துடுங்க. நான் வெளிய தெருவ போனாக்கூட வூட்ல அவங்க பாத்துப்பாங்க, தம்பிங்க பாத்துப்பாங்க. உள்ள பாக்கறது ஒண்ணு தெரியலன்னு சொன்னீங்களே, அதையும் சரி பண்ணிடலாங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உனக்காகப் பொத்தான் போடாமல் ஓடினவர். அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை. கெட்டவன் கேட்டால் கதவைச் சாத்தலாம். இவர் பாசத்தோடு வந்து நிற்கிறார், நான் திறந்து வைத்த கதவு அது. மேல்பட்டாம்பாக்கத்துக் கூடத்தில் ஒரு போன் கை மாறிக் கை மாறிப் போவது எனக்குத் தெரிகிறது. மஞ்சள் சுடிதார் கொஞ்சம் எடுப்பா இல்லையோ என்று ஒருத்தர் சொல்வார். டீ குடிக்க இவ்வளவு நேரமா என்று இன்னொருத்தர் கேட்பார். நீ காரில் தனியாக இருக்கும்போது பாட்டுப் பாடுவாய், பவி, கன்னத்தில் கண்ணீர் ஓடவும் ஒரு நாள் பார்த்திருக்கிறேன். எதற்கென்று நான் கேட்கவில்லை, கேட்கிற உரிமை எனக்கு இல்லை. அதை அவர்கள் கேட்பார்கள்.

சுரங்கத்துக்குள் கேமரா கொண்டுபோக விடமாட்டார்கள். உன் பள்ளிக்கூடத்தில் சுற்றிக் காட்ட அழைத்து வந்தபோதுகூட, கேட்டில் டீச்சர்களின் போனையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டோம். மண் தோண்டுகிற எந்திரத்துக்குக் கூட அந்த மறைவு இருந்தது. அதற்குக் காவல் நின்ற கம்பெனியில் சம்பளம் வாங்கியவன்தான், உன் முகத்துக்கு நேராக லென்ஸைத் திருப்பி வைத்தேன்.

முடியாது என்று சொல்லுங்கள் என்கிறாள் அம்மா. எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "வாயாலதான்" என்றாள். நான் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். மன்னிச்சுக்குங்க சம்பந்தி என்று ஆரம்பிக்கிறேன். நான் பார்க்கலாம், நீங்கள் பார்க்கக் கூடாது என்று அடுத்த வரி வருகிறது. அது எந்த வாயால் வரும்? நாலு பேர், அருவா என்று சொல்லி அவரை உளுந்தூர்பேட்டை வரைக்கும் ஓடவிட்ட வாயாலா? ஆப் கெட்டுவிட்டது என்று புளுகலாம்தான். அமெரிக்கக் கிணறு வரைக்கும் தோண்டினவனுக்கு இதெல்லாம் தூசு. ஆனால் சிரிக்க வைக்கத்தான் எனக்குப் புளுகத் தெரியும். காரியத்துக்காக ஒரு பொய் சொன்னால் காது சிவந்து, எச்சில் வற்றி, பாஸ்வேர்டை நானே உளறிவிடுவேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் போனிலிருந்து ஆப்பை அழிக்கவும் பார்த்தேன். நிஜமாக அழிக்கட்டுமா என்று அது திருப்பிக் கேட்டது. அந்தக் கேள்விக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று திறந்தேன், உன் கார் ஆபீஸ் வாசலுக்குள் திரும்புவது தெரிந்தது, பத்திரமாகப் போய்விட்டாள் என்று மூடி வைத்துவிட்டேன். என்னால் முடியவில்லை. வயசானதால் வந்ததா, பயத்தால் வந்ததா, தெரியவில்லை.

அதனால் நீதான் செய்ய வேண்டும். கணக்கு உன் நம்பரில் இருக்கிறது, ஓடிபி உனக்குத்தான் வரும். பாஸ்வேர்டை மாற்றிவிடு. பகிர்ந்தவர்கள் என்கிற இடத்தில் என் நம்பர் இருக்கும், அதை எடுத்துவிடு. புதுசு என்ன என்று எனக்குச் சொல்லாதே, அம்மாவுக்கும் சொல்லாதே, நான் அழுது கேட்டாலும் சொல்லாதே. மாப்பிள்ளைக்குச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், அதில் நான் வாயைத் திறக்க மாட்டேன். உள்ளே பார்க்கிற லென்ஸை எந்தக் கடையில் கொடுத்தாலும் தனியாகக் கழற்றித் தருவார்கள். முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் மட்டும் என் மேல் உள்ள கோபத்தில் பிடுங்கிவிடாதே. யாராவது இடித்துவிட்டு நீதான் இடித்தாய் என்று கூட்டம் சேர்த்தால், அங்கே உனக்காகப் பேச நான் இருக்க மாட்டேன், அது இருக்கும். இடி பட்டதும் சிவப்பு பட்டனை அழுத்து, அந்தக் காட்சி அழியாமல் பூட்டிக்கொள்ளும். மாதம் ஒரு தடவை கார்டை பார்மட் செய். லென்ஸைக் கண்ணாடி துடைக்கிற மெத்தென்ற துணியால் துடை, சேலையோ துப்பட்டாவோ வேண்டாம், கீறல் விழும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில் சம்பந்தி வருவார். அம்மா காபி கொடுப்பாள். பத்திரிகை வாசகத்தைப் பேசி முடித்ததும் தன் போனை எடுப்பார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த பாஸ்வேர்டை மறைக்காமல் சொல்லி, அவர் கையாலேயே அடிக்க விடுவேன். அவர் அடிப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அது திறக்கக் கூடாது, பவி.

அப்பா